சிவில் வார்: வாசகர் வரவேற்பு

சிவில் வார் என்பது அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸ் 2006–07இல் ஏழு இதழ்களாக வெளியிட்ட பெருந்தொடர். எழுத்து மார்க் மில்லர். ஓவியம் ஸ்டீவ் மெக்நிவன். ஸ்டாம்ஃபோர்டு நகரில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பின், சூப்பர் ஹீரோக்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டம் வருகிறது. அயர்ன் மேன் அதை ஆதரிக்க, கேப்டன் அமெரிக்கா எதிர்க்கிறார்.

‘நீங்கள் யார் பக்கம்?’ என்ற விளம்பர வாசகத்துக்கு ஏற்ப வாசகர்களும் இரண்டு அணியாகப் பிரிந்தனர். இதழ்கள் அமோகமாக விற்றன. ஆயினும் குறைகள் பேசப்பட்டன: நான்காம் இதழ் தாமதமானதால் துணைத்தொடர்களும் தள்ளிப்போயின, அயர்ன் மேன் வில்லனைப் போல ஆக்கப்பட்டார், கோலியாத் என்ற சூப்பர் ஹீரோவின் மரணமும் கண்டனத்துக்கு உள்ளானது. இரண்டாம் இதழில் ஸ்பைடர்மேன் செய்தியாளர்கள் முன் முகமூடியைக் கழற்றிய காட்சி கடும் விவாதத்தைக் கிளப்பியது.

துணைத்தொடர்களில் மிகுந்த கேலிக்கு ஆளானது பால் ஜென்கின்ஸ் எழுதிய ஃப்ரண்ட் லைன். சூப்பர் ஹீரோக்களிடையிலான இந்தப் போரைப் பத்திரிகையாளர்களின் பார்வையில் சொல்லும் இதன் 11ஆம் இதழில், சிறைப்பட்ட கேப்டன் அமெரிக்காவிடம் நிருபர் சாலி ஃபிளாய்டு, மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் தெரியுமா, யூடியூப் பார்த்ததுண்டா என்று கேட்டு, நாட்டு மக்களோடு அவருக்குத் தொடர்பே இல்லை என்கிறார். கொள்கைக்காகப் போராடியவரை இப்படி மடக்குவதா என்று வாசகர்கள் கொதித்தனர். அந்தக் காட்சி நெடுநாள் நகைப்புக்குரியதாகவே நின்றது.

இத்தொடரைத் தளர்வாகத் தழுவிய திரைப்படம் 2016இல் வெளியானது.