ஒப்பந்ததாரரும் பிணையும்: பாகூர் வட்டாரத்தில் ஒரு வரலாறு

ஊர்ப்பணத்தில் மதகோ சாலையோ கட்ட வருபவரிடம் இரண்டு கேள்விகள் எழும். வேலை தெரிந்தவரா? பாதியில் கைவிட்டால் இழப்பை எதைக் கொண்டு ஈடுகட்டுவது? செலியமேடு அடங்கிய, புதுச்சேரியின் பாகூர் வட்டாரத்தில் இவற்றுக்கான விடை ஆட்சிக்கு ஆட்சி மாறி வந்திருக்கிறது.

தென்பெண்ணையாற்று நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. ஏரி, வாய்க்கால் பராமரிப்பு தமிழகம் முழுவதும் நெடுங்காலம் குடிமராமத்தாகவே நடந்தது. நீர் பாயும் நிலத்துக்காரர்களே ஆள் அனுப்பி, கரை உயர்த்தி, தூர் வாரினார்கள். உழைப்பு ஊராருடையது என்பதால் ஒப்பந்ததாரர் தேவைப்படவில்லை. ஆனால் பொறுப்பில் அமர்பவரைச் சோதிக்கும் வழக்கம் அப்போதே இருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஏரி வாரியம் முதலியவற்றுக்குத் தேர்வாக வேண்டியவருக்குக் கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும் என்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் அது விலக்கி வைக்கிறது. இன்றைய சொத்து மதிப்புச் சான்றும் கருப்புப் பட்டியலும் செய்யும் வேலையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்விதிகள் செய்தன.

பிரெஞ்சு ஆட்சியில் பொறுப்பு சட்டப் புத்தகத்தில் ஏறியது. 1819 ஜனவரி 6இல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் புதுச்சேரியில் பிறப்பிக்கப்பட்டன. அவற்றுள் 1804ஆம் ஆண்டின் குடிமைச் சட்டத்தில் 1792ஆம் பிரிவு கட்டட வேலைக்கு மிக முக்கியமானது. மொத்தத் தொகை பேசிக் கட்டிய கட்டடம், கட்டுமானக் குறையால் முழுதாகவோ பகுதியாகவோ அழிந்தால், கட்டியவரும் கட்டடக் கலைஞரும் 10 ஆண்டுகளுக்குப் பொறுப்பு. அடிமண் சரியில்லை என்று சொல்லியும் தப்ப முடியாது, மண்ணின் குறையையும் அந்தப் பிரிவு அவர்கள் தலையிலேயே வைத்தது. களிமண் நிலத்தில் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் அஸ்திவாரத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அரசு வேலை வாங்கியவர், தனியார் வீடு கட்டியவர் என்ற வேறுபாடும் அதில் இல்லை.

அரசு வேலைகளுக்கு இதற்கு மேலும் ஒரு காப்பு இருந்தது. மூடிய உறையில் விலை கேட்டு, பகிரங்கமாகப் பிரித்து, வேலை எடுப்பவரிடம் பிணைத்தொகை வாங்க வேண்டும் என்ற முறையைப் பிரான்சு 1836ஆம் ஆண்டிலேயே ஆணையாக்கியது. 1880இல் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் அமைந்தபோது பாகூரும் வில்லியனூரும் தனித்தனிக் கொம்யூன்கள் ஆயின. சாலைக்கும் வாய்க்காலுக்கும் செலவிடத் தனி வரவு செலவுத் திட்டம் அவற்றுக்குக் கிடைத்தது.

1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக நீட்டிக்கப்பட்டன. புதுச்சேரிப் பொதுப்பணித்துறை, 1854இல் தொடங்கிய மத்தியப் பொதுப்பணித்துறையின் கையேட்டைப் பின்பற்றலாயிற்று. ஒப்பந்ததாரர் பதிவு என்று இன்று சொல்வது இந்த மரபில் வந்ததே. முடித்த வேலைகளுக்கான சான்று, வங்கி தரும் சொத்து மதிப்புச் சான்று, வருமான வரிக் கணக்கு ஆகியவற்றைப் பார்த்து விண்ணப்பதாரரை ஒரு வகுப்பில் சேர்க்கிறார்கள். எவ்வளவு மதிப்புள்ள டெண்டர் வரை போடலாம் என்பதை அந்த வகுப்பே தீர்மானிக்கும். 10 லட்சம் ரூபாய்க்கு ஒரு சிறு பாலம் என்று கொள்வோம். மத்தியப் பொதுப்பணித்துறையின் வழக்கமான விகிதப்படி டெண்டரோடு 2 சதவீதம், அதாவது 20,000 ரூபாய் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். வேலை கிடைத்ததும் 5 சதவீதமாக 50,000 ரூபாய்க்குச் செயல் உத்தரவாதம். பிறகு ஒவ்வொரு பில்லிலும் இரண்டரை சதவீதம் பிடித்து வைக்கப்படும். இவையெல்லாம் போகத்தான் சிமெண்டுக்கும் கூலிக்கும் கையில் காசு இருக்க வேண்டும். நேர்மையாக வேலை செய்யும் சிறு ஒப்பந்ததாரரை இந்த முடக்கம் வட்டிக்காரரிடம் தள்ளிவிடுகிறது என்பது இம்முறையின் மெய்யான குறை. கொரோனாக் காலத்தில், 2020 நவம்பரில், செயல் உத்தரவாதத்தை மத்திய அரசு தற்காலிகமாக 3 சதவீதமாகக் குறைத்ததே இந்த நெருக்கடியை ஒப்புக்கொண்டதற்குச் சான்று.

அமெரிக்காவில் இந்தச் சுமை வேறு தோளுக்கு மாறிப் பல காலம் ஆகிறது. 1894ஆம் ஆண்டின் ஹெர்ட் சட்டமும் 1935ஆம் ஆண்டின் மில்லர் சட்டமும், கூட்டரசு வேலை எடுப்பவர் பிணையாளர் பொறுப்பேற்ற பத்திரத்தைக் காட்ட வேண்டும் என்றன. இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் பிணைக் காப்பீட்டு நெறிமுறைகள் 2022 ஏப்ரல் 1இல்தான் நடைமுறைக்கு வந்தன. வங்கி உத்தரவாதத்துக்குப் பதிலாகக் காப்பீட்டுப் பிணைப் பத்திரத்தை அரசுக் கொள்முதலில் ஏற்கலாம் என்று அதே ஆண்டு விதி திருத்தப்பட்டது.

பதிவும் பிணையும் ஒருபுறம் இருக்க, ஒப்பந்ததாரருக்கு உரிமம் என்ற சொல் இந்தியாவில் வேறோர் இடத்தில்தான் வருகிறது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைக்கும் ஒப்பந்ததாரர் உரிமம் பெற வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணை 50 ஆக்கியது. இது கூலியாளின் நலனுக்கானது, சுவரின் உறுதியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

இத்தனை ஏற்பாடும் அரசுப் பணத்தையே காக்கிறது. செலியமேட்டில் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டும் குடும்பம், மேஸ்திரியிடம் சதுரத்துக்கு இவ்வளவு என்று பேசி, அட்வான்ஸ் கொடுத்து வேலையைத் தொடங்குகிறது. வரைபட அனுமதி உண்டு, ஆனால் கட்டுபவருக்குப் பதிவு வேண்டும், பிணை வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் பத்தாண்டுப் பொறுப்பு போன்ற பிரிவும் கிடையாது. ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு. சாமானியருக்கு இது பெரிய இழப்பு. இழந்ததில் ஒரு பகுதியை நுகர்வோர் சட்டம் மீட்டுத் தந்தது. 1993ஆம் ஆண்டுத் திருத்தம் வீடு கட்டித் தருவதையும் சேவை என்று சேர்த்ததால், குறை கண்டவர் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது எழுத்தில் உள்ள ஒப்பந்தமும் பணம் கொடுத்த ரசீதும். வாய்ப்பேச்சில் முடிந்த வேலைகளில் பெரும்பாலும் இவ்விரண்டுமே இருப்பதில்லை.