செங்கோட்டைச் சிங்கம் – 9: ராபர்ட் என்ற பெயர் வந்த வழி

இந்த வாரம் மணியாச்சி என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். 1911 ஜூன் 17, முதல் வகுப்புப் பெட்டி, பிரௌனிங் கைத்துப்பாக்கி எல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அங்கே கலெக்டர் ஆஷைச் சுடப் போகிற வாஞ்சி சற்றுப் பொறுக்கட்டும். சுடப்படப் போகிறவரின் பெயர் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது.

கலெக்டர் ஆஷ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆஷ் குடும்பப் பெயர். பெற்றோர் வைத்தது ராபர்ட் வில்லியம். கேட்டால் ஆங்கிலப் பெயர்கள் போலத்தான் இருக்கும். இரண்டும் பிறந்த வீடு ஜெர்மன்.

பழைய ஜெர்மனில் 'ஹ்ரோத்' என்றால் புகழ், 'பெராஹ்ட்' என்றால் ஒளி. நம் புலவர் யாராவது பெயர் சூட்டியிருந்தால் புகழொளி என்றிருப்பார். ஜெர்மன் நாவில் இது ருப்ரெக்ட், ரூபெர்ட் என்று உருண்டது. சால்ஸ்பர்க் நகரின் காவல் புனிதர் ஒரு ரூபெர்ட். பிரெஞ்சுப் பக்கம் போன கிளைதான் ராபர்ட் ஆயிற்று. பின்னாளில் அந்த வடிவம் தாய்வீட்டுக்கே திரும்பியது. இசைக்கு ராபர்ட் ஷூமன், 1882ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் கோஹ்.

பெயரைப் பிரபலமாக்கியவர்கள் நார்மண்டிக்காரர்கள். 1027ல் அங்கே பிரபுவானவன் ராபர்ட். அண்ணனுக்கு விஷம் வைத்துத்தான் பட்டத்துக்கு வந்தான் என்று ஊர் பேசியது. ஹெர்லீவா என்ற பெண்ணிடம் மனம் போயிற்று. தோல் பதனிடுகிறவர் மகள் என்பார்கள். தாலி கட்டவில்லை, பிள்ளை மட்டும் பிறந்தது. அந்தப் பிள்ளைதான் வில்லியம். ஜெருசலேம் யாத்திரை போன அப்பன், திரும்புகிற வழியில் 1035ல் நைசியாவில் இறந்தான். மகன் 1066ல் இங்கிலாந்தையே பிடித்தான். ராபர்ட் வில்லியம் ஆஷ் என்று எழுதினால் அந்த அப்பனும் மகனும் வரிசையாக வந்து நிற்கிறார்கள்!

எனக்குப் பிடித்தவன் இவர்கள் இருவரும் அல்ல, வில்லியத்தின் மூத்த மகன் ராபர்ட். குட்டையாக இருந்ததால் அப்பனே வைத்த கேலிப்பெயர் அவனுக்கு நிலைத்துவிட்டது. அப்பனை எதிர்த்து ஆயுதம் எடுத்தான். இங்கிலாந்துக் கிரீடம் தம்பிக்குப் போயிற்று. சிலுவைப் போருக்குப் போகக் கையில் காசில்லை; நார்மண்டியையே அந்தத் தம்பியிடம் 10,000 மார்க்குக்கு அடகு வைத்துவிட்டுக் கிளம்பினான். ஜெருசலேம் வரை போய்ச் சண்டையிட்டுத் திரும்பியவனை, இன்னொரு தம்பி ஹென்றி 1106ல் டின்ஷ்ப்ரே போரில் பிடித்தான். 1134ல் சாகும்வரை 28 ஆண்டுகள் சிறை. ஹென்றியைக் கெட்டிக்கார அரசன் என்று புத்தகங்கள் புகழ்கின்றன. அண்ணனைச் சிறையிலேயே சாகவிட்டவனுக்கு என் தொடரில் அந்த மரியாதை கிடையாது.

1169ல் பெயர் கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போனது. நாடிழந்த லென்ஸ்டர் அரசன் கூப்பிட, படையோடு இறங்கியவன் ராபர்ட் ஃபிட்ஸ்டீபன். அந்நியனை வீட்டுக்குள் அழைத்தால் என்ன ஆகும் என்று ஆற்காட்டைப் பார்த்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1751ல் அங்கே புகுந்த கிளைவின் முதற்பெயரும் ராபர்ட்!

அந்த அயர்லாந்திலிருந்து நெல்லைச் சீமைக்கு இரண்டு ராபர்ட்டுகள் வந்தார்கள். முதலாமவர் கால்டுவெல். 1841ல் இடையன்குடியில் குடியேறி, 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவர் முடிவுகளோடு எவ்வளவு சண்டை போட்டாலும் அந்த உழைப்புக்குத் தலை வணங்காமல் முடியாது. பெயரின் பொருளுக்குக் குறை வைக்காதவர். இரண்டாமவர் ஆஷ். வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியைக் கவிழ்க்கத் துணைபோனவர் என்பதுதான் தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. என் கட்சியும் அதுவே. கால்டுவெல் 1891ல் கண்மூடியது கொடைக்கானலில். ஆஷ் அன்று மனைவி மேரியோடு பயணப்பட்டதும் பிள்ளைகளைப் பார்க்கக் கொடைக்கானலுக்குத்தான்.

இவர்களுக்கெல்லாம் முன்பே, 1606ல் மதுரைக்கு வந்துவிட்ட ராபர்ட் ஒருவர் உண்டு. இத்தாலியர் ராபர்ட் தெ நொபிலி. காவி உடுத்தி, தத்துவ போதகர் என்று பெயர் சூடியதால் ராபர்ட் வெளியே தெரியவில்லை.

அமெரிக்காவில் 1924 முதல் 1939 வரை ஆண் குழந்தைகளுக்கு வைத்த பெயர்களில் இதுவே முதலிடம். நம்மூரில் ஞானஸ்நானத் தொட்டி வழியாக வீட்டுக்குள் வந்த பெயர், சினிமாவில் வில்லனின் அடியாளுக்கும் போயிற்று. நல்லவேளை, 1981ல் 'பாலைவனச் சோலை' எடுத்த ராபர்ட்–ராஜசேகர் அந்தக் கறையைக் கொஞ்சம் துடைத்தார்கள்.

வில்லியத்தின் ஜெர்மன் வடிவம் வில்ஹெல்ம். அந்தப் பெயர் கொண்ட கெய்சரின் கப்பல்தான் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. கெய்சரின் பெயரை யாரும் பிள்ளைக்கு வைக்கவில்லை. கப்பலின் பெயரைத்தான் கண்டிப்பான அப்பாக்களுக்கெல்லாம் வைத்தோம்: எம்டன்.

(தொடரும்)