துணைவலியும் துணைச்சுமையும்

போருக்குப் புறப்படுமுன் வேந்தன் ஆராயவேண்டிய வலிமைகளுள் துணைவலியையும் ஒன்றாக வைத்தார் வள்ளுவர். துணை என்றவுடன் பெருகிவரும் படையையே நம் மனம் எண்ணுகிறது. துணைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பல நாடுகள் கூடி ஒரு நிலத்துக்குள் படை நடத்தும்போது, ஆள் தருவது யார், பொருள் தருவது யார், முடிவு செய்வது யார் என்னும் மூன்று வினாக்கள் உடன் எழுகின்றன. முதலிரண்டையும் ஏட்டில் எழுதிக் கணக்குப் பார்த்துவிடலாம். மூன்றாவது வினாவிலேயே கூட்டணிகளின் தலைவிதி அடங்கியிருக்கிறது. மூன்று காலங்களிலிருந்து மூன்று சான்றுகளை எடுத்து இதனை விளக்க முயல்கிறேன்.

கப்பலுக்கு ஈடாகக் காசு

கி.மு. 478ஆம் ஆண்டை ஒட்டி, பாரசீகப் படையெடுப்பிலிருந்து மீண்ட கிரேக்க நகரங்கள் பல ஏதென்ஸ் நகரின் தலைமையில் ஓர் அணியாகத் திரண்டன. ஏஜியன் கடலின் நடுவே அப்போல்லோவின் திருத்தலமாக விளங்கிய டீலோஸ் என்னும் சிறு தீவு அவ்வணியின் கருவூலமாயிற்று. இயன்ற நகரங்கள் கப்பலும் வீரரும் தந்தன. ஏனையவை பணம் செலுத்தின. யார் எவ்வளவு தரவேண்டும் என்று வகுத்தவர், நேர்மைக்குப் பெயர்பெற்ற அரிஸ்டைடீஸ். முதல் மதிப்பீடு 460 தாலந்து என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் குறிக்கிறார்.

காலப்போக்கில், ஊரை விட்டுக் கடலோடிப் போரிடுவதில் சலிப்புற்ற நகரங்கள் கப்பலுக்கு ஈடாகக் காசு தந்து அமைந்தன. அன்று அது எளிய வழியாகவே தோன்றியிருக்கும். அந்தக் காசைக்கொண்டு ஏதென்ஸ் தன் கப்பற்படையைப் பெருக்கியது. காசு தந்தவர்களோ போர்ப் பயிற்சியை இழந்தனர். விலக முயன்ற நக்ஸோஸ் தீவு முற்றுகைக்கு உள்ளாகிப் பணிந்தது. கி.மு. 465இல் கிளர்ந்தெழுந்த தாசோஸ் தன் மதிலையும் கப்பல்களையும் பறிகொடுத்தது. கி.மு. 454இல் கருவூலமே ஏதென்ஸுக்குப் பெயர்ந்தது. அதன்பின் ஒவ்வொரு நகரின் திறையிலும் அறுபதில் ஒரு பங்கு அதீனா தேவிக்குக் காணிக்கையாக்கப்பட்டு, அக்கணக்கு கல்லில் பொறிக்கப்பட்டது. அக்கற்களின் சிதைந்த துண்டுகளை இன்றும் காணலாம்.

கூட்டாளிகளின் பணத்தில் நம் நகரை அழகுசெய்வது அறமாகுமா என்று ஏதென்ஸிலேயே சிலர் கேட்டனர். அவர்கள் குதிரையோ கப்பலோ வீரனோ தரவில்லை, பணமே தந்தனர்; காக்கும் கடமையை நாம் செய்துவரும்வரை அது நம் பணமே என்று பெரிக்கிளீஸ் விடையிறுத்ததாகப் பிற்காலத்துப் புளூட்டார்க் எழுதுகிறார். காசு தந்தவன் கணக்குக் கேட்கும் உரிமையையும் உடன் தந்துவிட்டான் என்பதே இவ்விடையின் உட்பொருள். நட்பாய்த் தொடங்கியது திறையாய் முடிந்த கதை இது.

நன்றிப் பட்டியலில் விடுபட்ட பெயர்

இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இக்கதை வேறு வடிவில் நிகழ்ந்தது. 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. அமெரிக்காவின் தலைமையில் முப்பதுக்கு மேற்பட்ட நாடுகள் எதிரணியில் சேர்ந்தன. அமெரிக்கா மட்டுமே ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட படையினரை வளைகுடாவுக்கு அனுப்பியது. அதற்கான கூடுதல் செலவு ஏறத்தாழ 6,100 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 5,400 கோடியை நட்பு நாடுகள் ஏற்றன. சவூதி அரேபியாவும் குவைத்தும் பெரும்பங்கை ஏற்க, ஜப்பானும் ஜெர்மனியும் அடுத்து நின்றன. நிதி திரட்ட 1990 செப்டம்பரில் வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கர் மேற்கொண்ட பயணத்தை, ஓடேந்தி இரக்கும் பயணம் என்று அமெரிக்க ஏடுகளே எள்ளின. ஆள் அனுப்பியவர்க்கும் கைம்மாறு கிடைத்தது. எகிப்து அமெரிக்காவுக்குத் தரவேண்டியிருந்த படைக்கலக் கடன் ஏறத்தாழ 700 கோடி டாலர் தள்ளுபடியாயிற்று.

இவர்களுள் ஜப்பானின் நிலையே சிந்திக்கத் தக்கது. 1947 முதல் நடைமுறையில் உள்ள அந்நாட்டு அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு, போர்தொடுக்கும் உரிமையைத் துறக்கிறது. தன் படைகள் ஆசியாவில் இழைத்த கொடுமைகளையும், ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின் அழிவையும் கண்ட மக்களிடையே அத்துறவு ஆழ வேரூன்றியிருந்தது. ஐக்கிய நாடுகளின் பணிக்கு ஆட்களை அனுப்ப வழிசெய்யும் மசோதாவைப் பிரதமர் கைஃபு 1990 அக்டோபரில் கொண்டுவந்தார். எதிர்ப்பு வலுக்கவே நவம்பரில் அது கைவிடப்பட்டது. ஆள் அனுப்ப இயலாத நாடு, நிறுவனங்கள் மீதும் எண்ணெய் மீதும் தற்காலிக வரி விதித்துப் பணம் அனுப்பியது. ஜப்பான் ஏற்ற மொத்தத் தொகை 1,300 கோடி டாலர்.

1991 பிப்ரவரி இறுதியில் போர் ஓய்ந்தது. மார்ச்சு மாதம் அமெரிக்க நாளேடுகளில் நன்றி தெரிவித்துக் குவைத் வெளியிட்ட விளம்பரத்தில் துணைநின்ற நாடுகளின் பெயர்கள் இருந்தன. ஜப்பானின் பெயர் இல்லை. அந்த விடுபாடு டோக்கியோவை உலுக்கியது. ஏப்ரலில் கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள் வளைகுடாவுக்குப் புறப்பட்டன. 1992 ஜூனில் அமைதிகாப்புப் பணிக்குப் படையினரை அனுப்பும் சட்டம் நிறைவேறியது. காசுக்கு மதிப்பில்லை, குருதி சிந்த முன்வருவோர்க்கே மதிப்பு என்ற பாடத்தையே ஜப்பானிய ஆட்சியாளர் கற்றனர். போரைத் துறந்ததே ஒரு குறையாகக் கருதப்படும் நிலை வந்ததே, அது நம்மை உறுத்தவேண்டாமா?

குருதி தந்தவர் பெற்றது என்ன?

அந்தப் பாடம் மெய்தானா? ஆப்கானிஸ்தானத்து நிகழ்ச்சிகள் விடை கூறுகின்றன. அங்கே நட்பு நாடுகள் காசோடு நில்லாமல் ஆட்களையும் தந்தன. 2001 செப்டம்பர் 12ஆம் நாள், ஒருவர்மீதான தாக்குதல் அனைவர்மீதான தாக்குதல் என்னும் 5ஆம் விதியை நேட்டோ தன் வரலாற்றில் முதன்முறையாக நினைவுகூர்ந்தது. 2003இல் பன்னாட்டுப் படையின் தலைமையையும் அது ஏற்றது.

சுமை அங்கும் ஒரே எடையாக விழவில்லை. சில நாடுகள் தம் வீரர்கள் எந்தப் பகுதியில், எந்த அளவுக்குப் போரிடலாம் என்று நிபந்தனை விதித்தன. ஜெர்மானியப் படை பெரும்பாலும் அமைதியான வடபகுதியில் நின்றது. போர் கடுமையாக நிகழ்ந்த காந்தகாரில் நின்ற கனடா 158 வீரர்களை இழந்தது. சின்னஞ்சிறு டென்மார்க் நாற்பதுக்கு மேற்பட்டோரை இழந்தது. நெதர்லாந்தில் படையை நீட்டிப்பதா என்ற பூசலில் 2010 பிப்ரவரியில் அமைச்சரவையே கவிழ்ந்தது.

இத்தனை இழப்புக்கும் ஈடாக முடிவெடுக்கும் அவையில் இடம் கிடைத்ததா? 2020 பிப்ரவரியில் தோஹா நகரில் வெளியேற்ற உடன்பாட்டில் கையொப்பமிட்டவர்கள் அமெரிக்காவும் தாலிபான்களுமே. உடன்போரிட்ட நட்பு நாடுகள் அதில் தரப்பினர் அல்லர். காபூல் அரசும் அன்று. 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது நட்பு நாடுகள் தம் மக்களை விமானமேற்ற விரைந்தன. ஆக, காசு தந்தவர்க்கு இல்லாத சொல்லுரிமை குருதி தந்தவர்க்கும் வாய்க்கவில்லை.

தலைமை நாட்டின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. 1999இல் கொசோவோ தொடர்பாக 78 நாள் வான்தாக்குதல் நடத்தியபோது, 19 உறுப்பு நாடுகளின் இசைவைப் பெற்றே நேட்டோ இயங்கவேண்டியிருந்தது. தாக்கவேண்டிய இலக்குகள் பற்றியும் தலைநகரங்கள் வாதிட்டன. அமெரிக்கத் தளபதிகளுக்கு அது பெருந்தடையாகத் தோன்றியது. ஆனால் அந்தத் தயக்கமும் வாதமும்தான் சுமையை மெய்யாகவே பகிர்ந்துகொள்வதன் அடையாளம். அதனை விரும்பாமல் பிறர் பணத்தையும் பிறர் மைந்தரையும் மட்டும் விரும்பும் தலைமை, கூட்டாளிகளை நாடவில்லை. திறை செலுத்துவோரையே நாடுகிறது.

எழுதப்படாத பத்தி

இக்கணக்குகள் அனைத்திலும் விடுபட்ட ஒரு பத்தி உண்டு. ஏதென்ஸின் கற்களில் நகரங்களின் பெயர்கள் இருக்கின்றன. வாஷிங்டனின் ஏடுகளில் டாலர்கள் இருக்கின்றன. ஒட்டாவாவும் கோபன்ஹேகனும் தம் வீரர்களைப் பெயர்சொல்லி நினைக்கின்றன. எந்த மண்ணில் படைகள் இறங்கினவோ அந்த மண்ணின் மக்கள் எந்தப் பங்கீட்டிலும் இடம்பெறவில்லை. ஆப்கானிஸ்தானத்தில் உயிரிழந்த குடிமக்கள் பல்லாயிரவர். சுமையைப் பகிர்வது எப்படி என்று நாடுகள் வாதிட்டபோதெல்லாம், அதில் பெரும்பகுதியை அவர்கள் ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்தனர். அவர்களிடம் எவரும் இசைவு கேட்டதில்லை.

வெற்றி பாடும் மரபும், போரில் இறந்தவர்க்குக் கையறுநிலை பாடும் மரபும் நம் மொழிக்கு உண்டு. இவ்வட்டத்தின் கவிஞர்கள் போரைப் பாட நேரும்போது, இந்த எழுதப்படாத பத்தியையும் நினைவிற் கொள்வார்களாக. கணக்கர் விட்டதைக் கவிஞரும் விட்டுவிட்டால், பிறகு அதை எழுதுவார் எவரும் இலர்.