ஒரு பெட்டி, பல கணினிகள்



வீட்டு மூலையில் ஒரு சர்வர். அதற்குள் மென்பொருளாலேயே ஆன ஒரு லினக்ஸ் கணினி. அதன் திரையைக் கூடத்திலிருக்கும் பழைய மடிக்கணினியில் பார்க்கலாம். புதுமைபோலத் தெரியும் இதன் வரலாறு ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியது.

அன்று கணினி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். ஆளுக்கொன்று வாங்க முடியாது. 1972-இல் ஐபிஎம் அறிவித்த விஎம்/370, ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்கள்போல நடக்க வைத்தது. மறு ஆண்டு நம் சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370/155-உம் அறையை அடைக்கும் பெரிய இயந்திரம்தான். 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் விண்டோ, ஓரிடத்தில் ஓடும் நிரலை வேறிடத்துத் திரையில் காட்டியது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். கணினிக்குள் கணினியை இயக்கும் கேவிஎம், 2007-இல் லினக்ஸிலேயே சேர்ந்தது. பெரிய நிறுவனங்களிடம் இருந்த வித்தை, காசில்லாமல் நம் வீட்டுக்கு வந்துவிட்டது.

2011 முதல் அரசு தந்த மடிக்கணினியில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்ததே, நினைவிருக்கிறதா? பாரிவாக்கத்திலோ பூந்தமல்லியிலோ உங்கள் வீட்டுப் பரணில் அது கிடந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கனமான வேலையைச் சர்வர் பார்த்துக்கொள்ளும்; இது திரையும் விசைப்பலகையுமாக இருந்தால் போதும்.

ஒன்றை மறக்காதீர்கள். எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தால், அது பழுதாகும்போது எல்லாம் போகும். சான்றிதழ், குடும்பப் படங்களுக்கு இன்னொரு நகலை வேறிடத்தில் வையுங்கள்.