முந்திரிக்குக் கீழே

கிளிநொச்சிப் பகுதியிலே ஐந்து ஏக்கர் வயல் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள், நேயர்களே. உரியவருக்கு மக்கள் நால்வர். அவர் ஒவ்வொருவருக்கும் நால்வர். நான்கு தலைமுறை இவ்வாறு கழியின் நிலம் 256 கூறாகும். ஒருவர் பங்கு மூன்று பேர்ச்சுக்குச் சற்றே மிகும். அடுத்த தலைமுறைக்கு ஒரு பேர்ச்சும் தேறாது. அதன் பின்னும் கணக்கு நில்லாது, ஏர்தான் நின்றுவிடும்.

இடமும் காலமும் முடிவின்றிப் பகுபடுமோ? கி.மு. 5ஆம் நூற்றாண்டிலே கிரேக்கத்துச் சீனோ இவ்வினாவால் அறிஞரைத் திகைக்க வைத்தார். ஓடுபவன் பாதி வழியையும், எஞ்சியதிற் பாதியையும், பின்னும் அதன் பாதியையும் கடத்தல் வேண்டுமெனின் எல்லையை அடைவது எங்ஙனம் என்றார். இந்திய நாட்டு வைசேடிகரோ பொருளுக்குப் பரமாணுவை எல்லையாக வைத்தனர். இன்றேல் கடுகும் மேருவும் ஒத்த அளவினவாகிவிடும் என்பது அவர் வாதம். காலமும் திசையும் தம்மளவில் ஒவ்வொன்றே. கூறுபடுத்துவது நம் வழக்கு என்றும் கொண்டனர்.

தமிழ்க் கணக்கர் இவ்வாதத்தில் தலையிட்டாரல்லர். ஒன்றை 320 கூறாக்கி ஒரு கூறை முந்திரி என்றனர். அதனினும் சிறிது வேண்டியபோது முந்திரியையே ஒன்றாக வைத்து வாய்பாட்டை மீளத் தொடங்கினர். 1,02,400இல் ஒன்றாகிய கீழ்முந்திரி பிறந்தது. இப்படித் தொடங்கும் வாய்பாட்டுக்கு அடித்தளம் ஏது? அதற்கும் கீழுள்ள இம்மி, ‘இம்மியும் பிசகாது’ என்னும் பேச்சிலே இன்றும் வாழ்கிறது. காலத்தையும் விட்டாரில்லை: நாழிகை 24 நிமிடம், அதில் அறுபதில் ஒன்று விநாடி, அதிலும் அறுபதில் ஒன்று தற்பரை, ஒரு செக்கனில் ஐந்தில் இரண்டு.

இக்காலப் பௌதிகம் பிளாங்கு நீளம் என ஒன்றைச் சொல்கிறது. மீற்றர்க் கணக்கில் தசமப் புள்ளிக்குப் பின் 34 பூச்சியங்கள் வந்த பின்னரே அதன் முதல் இலக்கம் வரும். அதற்குக் கீழே ‘தூரம்’ என்ற சொல்லுக்கே பொருள் உண்டோ என ஐயுறுகின்றனர். பரிசோதனை எதுவும் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.

சட்டம் அவ்வளவு பொறுத்திருக்கவில்லை. இரணைமடுக் குளம் 1920ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. யாழ்ப்பாணத்து நிலநெருக்கடியைத் தணிக்க 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டிலே வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வழங்கப்பட்ட காணியை இன்ன அளவுக்குக் கீழே பிரிக்கலாகாது எனத் தடுத்தது. நிலத்துக்கும் ஒரு பரமாணு வந்தது! அவ்வளவை எட்டிய காணி பின்னுரித்தாளர் ஒருவருக்கே செல்லும். வயல் பிழைத்தது, ஏனைய பிள்ளைகள் வெறுங்கையோடு நின்றனர். ஆணுக்கு முதலிடம் தந்த அதன் உரிமை வரிசையால், அவ்வாறு நின்றவர்களிற் பலர் பெண்மக்கள். அவ்வரிசையைத் திருத்துஞ் சட்டம் 2022இலேதான் வந்தது.