ஆசிரியரோடு ஒரே பந்தியில்

நம் பங்குப் பள்ளிகளின் விழா மலர்களைப் புரட்டிப் பாருங்கள். நிலம் வழங்கியவர் யார், கட்டடம் எழுப்பிய குரு யார், அதனை மந்திரித்துத் திறந்து வைத்த ஆயர் யார் என்பனவெல்லாம் நிழற்படங்களோடு இடம்பெற்றிருக்கும். முதல் வகுப்பில் முப்பது ஆண்டுகள் நின்று அரிச்சுவடி கற்பித்தவரின் பெயரையோ நாம் தேடித்தான் காணவேண்டும். ஒரு தொடக்கப் பள்ளியின் தரம் எங்கிருந்து பிறக்கிறது? இவ்வினாவுக்கு விடைதேடி, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பின்னோக்கி, பிரான்சு நாட்டின் ரெய்ம்ஸ் நகருக்குச் செல்வோம்.

1679-ஆம் ஆண்டில், ரூவான் நகரிலிருந்து அட்ரியன் நியெல் என்ற பொதுநிலையினர், ஏழைச் சிறுவர்க்கு இலவசப் பள்ளி தொடங்க அங்கு வந்து சேர்ந்தார். அவருக்குத் துணைநின்றவர் ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் என்ற இளங்குரு. 1651-இல் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயது நிறையுமுன்னரே பேராலயக் குருமன்றத்தில் இடம்பெற்று, அதற்குரிய மானியத்தையும் பெற்றவர். தூய மொரீஸ் பங்கில் முதற்பள்ளி தோன்றியது. நியெல் ஒரு பள்ளியைத் தொடங்கியதும் அடுத்ததைத் தொடங்க விரைபவர். ஆதலின், பள்ளிகள் பெருகின. ஆசிரியர்களோ போதிய பயிற்சியும் வழிகாட்டலும் இன்றித் தடுமாறினர்.

இந்நிலையை மாற்றக் கருதிய தெ லா சால், முதலில் ஆசிரியர்களைத் தம் இல்லத்துக்கு உணவுண்ண அழைத்தார். 1681-இல் அவர்களைத் தம் இல்லத்திலேயே தங்கவும் வைத்தார். இது அவருக்கு எளிதாக வாய்த்த செயலன்று. அக்காலத்தில் பள்ளி ஆசிரியர்களைத் தம் பணியாளரினும் தாழ்ந்தோராகவே தாம் எண்ணியிருந்ததாகப் பின்னாளில் அவரே எழுதி வைத்தார். உறவினர்கள் சினந்தனர், அவர் பொறுப்பிலிருந்த தம்பியருள் இளையோர் இருவரை அழைத்துச் சென்றனர். மறு ஆண்டு அவரும் குடும்ப இல்லத்தை விட்டு, ஆசிரியர்களோடு ஒரு வாடகை வீட்டில் குடியேறினார். ஒழுங்கான வாழ்வின் கட்டுப்பாட்டைத் தாங்காமல் தொடக்கத்து ஆசிரியர்களுள் பலர் விலகினர், புதியவர்கள் வந்தனர்.

வந்தவர்களுக்கும் ஓர் அச்சம் இருந்தது. முதுமையிலும் நோயிலும் நம்மைக் காப்பவர் யார் என்று கலங்கினர். இறைப் பராமரிப்பை நம்புங்கள் என்று தெ லா சால் அறிவுரை கூறினார். அதற்கு அவர்கள் அளித்த மறுமொழி கூரியது. உமக்கு மானியமும் குடும்பச் சொத்தும் உண்டு. ஆகவே நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது உமக்கு எளிது. பள்ளி வீழ்ந்தால் நீர் நிற்பீர், நாங்கள் தெருவில் நிற்போம் என்ற கருத்துப்பட அவர்கள் பேசினர். அவர் அதனைக் கடிந்துகொள்ளவில்லை. அதில் உண்மையைக் கண்டார். 1683-இல் பேராலயப் பதவியைத் துறந்தார். தம் செல்வத்தைப் பள்ளிகளுக்கே முதலீடாக வைக்கலாமா என்று எண்ணியபோது, நிக்கோலாஸ் பாரே என்ற துறவி வேண்டாமெனத் தடுத்தார். 1684–85-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அச்செல்வம் ஏழைகளுக்கு அப்பமாகப் பகிரப்பட்டது. அதன்பின் அவர் நம்பிக்கையைப் பற்றிப் பேசியபோது, எவரும் மறுத்துரைக்க இயலவில்லை.

வகுப்பறை மாறியதும் இந்த அடித்தளத்தின் மீதேயாம். அந்நாளில் ஆசிரியர் ஒவ்வொரு சிறுவனாக அருகழைத்துப் பாடம் கேட்பார்; ஏனையோர் வாளாவிருப்பர். தெ லா சாலும் அவர் தோழர்களும் மாணவரைத் தரவாரியாகப் பிரித்து ஒருசேரக் கற்பித்தனர். இலத்தீனில் எழுத்தறியும் வழக்கத்தை விடுத்துத் தாய்மொழியாகிய பிரெஞ்சிலேயே வாசிக்கத் தொடங்கினர். ஏழைச் சிறுவன் சில காலமே பள்ளியில் இருப்பான். அதற்குள் அவன் வாழ்வுக்குப் பயன்படுவது அவனுக்குக் கிட்டவேண்டும் என்பதே காரணம். சிறுவன் பள்ளிக்கு வராவிடில் அதன் காரணத்தை ஆராய்ந்தனர். ஒவ்வொருவனின் இயல்பையும் குறித்து வைத்தனர். புதிய ஆசிரியரிடமிருந்து முதலில் களையவேண்டிய குறைகளுள் ஒன்றாக, மிகுதியாகப் பேசும் ஆவலைக் கருதினர். வகுப்புகளைப் பார்வையிட்டு ஆசிரியரைத் திருத்துவதற்கென ஒருவர் அமர்த்தப்பட்டார். இவையெல்லாம் சகோதரர்களின் பட்டறிவைக் கலந்தாய்ந்து உருவானவை. 1720-இல் நூலாக அச்சேறின.

1688-இல் பாரிசுக்குச் சென்றபின் சோதனைகள் பெருகின. கட்டணம் பெற்றுக் கற்பித்தோர், தங்கள் பிழைப்புக் கெடுவதாக வழக்குத் தொடுத்தனர். 1691-இல், சபையே சிதறும் நிலையில், அவரும் சகோதரர் இருவரும் இறைவன் திருமுன் வாக்களித்தனர்: இரந்துண்டு வெறும் அப்பத்தால் உயிர்வாழ நேரினும் இப்பணியைக் கைவிடோம் என்பதே அவ்வாக்கு. மேலும், சகோதரர்கள் குருத்துவத்தை நாடாது, ஆசிரியராகவே நிலைத்திருக்க வேண்டுமென்று தெ லா சால் முடிவு செய்தார். கற்பிப்பது வேறோர் உயர்நிலைக்கு ஏறும் படியன்று. அதுவே ஒரு முழு அழைத்தல் என்பது இதன் பொருள். 1717-இல் தலைமைப் பொறுப்பை ஒரு சகோதரரிடம் ஒப்படைத்து, அவருக்குக் கீழ்ப்படிந்து வாழ்ந்தார். 1719-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், பெரிய வெள்ளியன்று இறைவனடி சேர்ந்தார். 1900-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. 1950-இல் ஆசிரியர்களின் பாதுகாவலராக ஏற்படுத்தியது.

இவ்வரலாறு நமக்கு ஒரு மனச்சான்று ஆய்வாக அமையட்டும். நம் பள்ளிகளின் தரம் குறைந்ததென்று நாம் வருந்துகிறோம். ஆசிரியர் பற்றின்றி உழைப்பதாகக் குறை கூறுகிறோம். ஆனால், ஆண்டுதோறும் நீட்டிப்புக்காகக் காத்திருக்கும் ஓர் ஆசிரியையிடம் சேவையுள்ளம் வேண்டுமென்று நாம் பேசும்போது, ரெய்ம்ஸ் நகர ஆசிரியர்களின் அந்த மறுமொழி நம் செவியில் ஒலிக்க வேண்டாமா? தாம் சுமக்காத சுமையைப் பிறர்மேல் ஏற்றுவது தலைமை ஆகாது. தாளாளரும் தலைமையாசிரியரும் பெற்றோராகிய நாமும், அரிச்சுவடி கற்பிப்பவரை நம் பந்தியில் அமர்த்துகிறோமா, அன்றி வாயிலில் நிறுத்துகிறோமா? அடுத்த விழா மலரில் முதல் வகுப்பு ஆசிரியரின் பெயரைத் தேடிப் பார்ப்போம். அது அங்கு இல்லையெனில், நம் திருத்தம் அங்கிருந்தே தொடங்கட்டும்.