ஏரிக்கரைச் சாப்பாடு

"மலைக்குப் போகிறவன் திண்டுக்கல்லிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு போய்விட வேண்டும், மேலே போனால் சூப்பு என்று வெந்நீர் கொடுப்பார்கள்." இது என் நண்பர் ஒருவருடைய சித்தாந்தம். அவர் திண்டுக்கல் பூட்டு வியாபாரி. பூட்டைப் போலவே அவருடைய அபிப்பிராயங்களும் கெட்டியானவை. அவரை வற்புறுத்தித்தான் கோடைக்கானலுக்கு அழைத்துப் போனேன். ஏரிக்கரையில் உள்ள பழைய ஹோட்டல் ஒன்றில், வெள்ளைத் துணி விரித்த மேஜையில், இருவரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம்.

கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஏரியின் மேல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. முதலில் சூப் வந்தது. அப்புறம் ரொட்டி, வேகவைத்த கேரட்டு, பட்டாணி. நண்பர் அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "ஏன் ஐயா, இலை எப்போது போடுவீர்கள்?" என்று கேட்டார்.

பரிமாறியவர் வயதானவர். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுதான் சார் சாப்பாடே! எங்க தாத்தா காலத்துல நாங்க இந்த மேஜையைத் தொட்டுத் துடைக்கக்கூட முடியாது. அவரு டோலி தூக்கினவரு. கொண்டு வந்த கேப்பைக் களியை ரோட்டோரத்துல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு மலையிறங்கிடுவாரு" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதற்குமேல் கேரட்டு இறங்கவில்லை.

அந்த டோலியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் ஆட்களைப் பலி கொடுத்தார்கள். குளிர்ந்த இடம் தேடித் திண்டுக்கல்லுக்குப் பக்கத்துச் சிறுமலையில் முயன்று பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. கடைசியில் பழனி மலையில் ஏறி, 1845-இல் கோடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டிக்கொண்டார்கள். அப்போது அங்கே ஏரி கிடையாது. சோலைக்காடுகளுக்கு நடுவே ஓடைகள் பாயும் சதுப்புப் பள்ளம் ஒன்றுதான் இருந்தது. மதுரைக் கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் 1863-இல் அதற்குக் குறுக்கே கரை கட்டித் தண்ணீரைத் தேக்கினார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து தருவித்தாராம்! கடலில் மிதக்க வேண்டிய படகை ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஏற்றியது எத்தனை பேருடைய தோளோ, தெரியாது. லெவிஞ்சின் பெயரைச் சரித்திரம் ஞாபகம் வைத்திருக்கிறது. படகைத் தூக்கியவர்களின் பெயரை அது கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

1875-இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. மலைக்குப் போகும் துரைமார்கள் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். இன்று கோடைக்கானல் ரோடு என்று வழங்குவது அந்த ஸ்டேஷன்தான். அங்கிருந்து மாட்டு வண்டி. முப்பது மைலுக்கு மேல், வெயிலுக்குப் பயந்து இரவெல்லாம் பிரயாணம். வழியில் வத்தலக்குண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர்.ராஜமையர் 1872-இல் பிறந்த ஊர் அது. தொட்டிலில் கிடந்த அந்தக் குழந்தை இந்த வண்டிகளின் சலங்கைச் சத்தத்தைக் கேட்டுத்தான் தூங்கியிருக்கும் என்று நான் கற்பனை செய்து கொள்வதுண்டு. கதை எழுதுகிறவனுக்கு இந்த உரிமைகூட இல்லாவிட்டால் எப்படி?

பொழுது விடியும்போது பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அதற்கப்பால் வண்டி போகாது. குதிரையிலோ, நாற்காலியிலோ, டோலியிலோ சுமார் 12 மைல் செங்குத்தான ஏற்றம். ஆட்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து போவார்கள். லா என்ற ராணுவ மேஜர் 1870-களில் திட்டம் போட்ட மலைச்சாலை, முதல் உலக யுத்த காலத்தில்தான் முடிந்து போக்குவரத்துக்கு வந்தது. அதுவரையில் ஏரிக்கரை மேஜைக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு சீமைப் பீங்கானும், ஒவ்வொரு புட்டியும் மனிதத் தோளிலோ மிருகத்தின் முதுகிலோதான் ஏறி வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு துரைமார் புகைத்த சுருட்டு விஷயத்தில் மட்டும் திண்டுக்கல்லுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஸ்பென்ஸர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை திண்டுக்கல்லில்தான் இருந்தது.

"வெள்ளைக்காரன் மேஜையைச் சொல்கிறீரே, நம் சத்திரங்கள் எப்படி?" என்று வாசகர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான்.

மதுரையை ராணி மங்கம்மாள் பேரனுக்காக ஆண்டது 1689 முதல் சுமார் பதினேழு வருஷம். ஒருநாள் ஞாபகப் பிசகாக இடது கையால் வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டாளாம். அந்தப் பாவம் தீரவே சாலைகள் போட்டு, மரம் நட்டு, சத்திரங்கள் கட்டினாள் என்பது ஜனங்கள் சொல்லும் கதை. அவளைப் போலச் சின்னப் பாவத்துக்குப் பெரிய பிராயச்சித்தம் செய்கிற அரசாங்கங்கள் இன்னும் இரண்டு இருந்தால் தேவலை! மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவள் பெயரால் சத்திரம் இன்றும் இருக்கிறது. கும்பினியாரும் இந்தத் தர்மத்தை உதறிவிடவில்லை. கோவில், பாலம், சத்திரம் இவற்றின் மானியங்களை மேற்பார்க்க 1817-இல் சென்னையில் ஏழாவது ரெகுலேஷன் என்று ஒரு சட்டமே போட்டார்கள்.

தஞ்சாவூர் சரபோஜி ராஜா 1801-இல் ரெசிடெண்டுக்குத் தம்முடைய சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். பிராமணன் முதல் பறையன் வரை வருகிற வழிப்போக்கர் யாவருக்கும் அங்கே அன்னம் உண்டு. சமைத்த சோறு சாப்பிடாதவர்களுக்கு அரிசியாகக் கொடுப்பது உண்டு. குழந்தைக்குப் பால் உண்டு. நோயாளிக்கு வைத்தியம் உண்டு. வழியில் செத்தவனுக்குச் சடங்குகூட உண்டு. படிக்கும்போது மனசு குளிர்கிறது. ஆனால் எல்லோருக்கும் சோறு என்பது வேறு. எல்லோருக்கும் ஒரே பந்தி என்பது வேறு. நம் முன்னோர்கள் முதலாவதைத் தாராளமாகச் செய்தார்கள். இரண்டாவதைக் கனவில்கூட நினைக்கவில்லை. துரை மேஜை போட்டு ஜனங்களை விலக்கினான். நாம் அவனுக்கு வெகுகாலம் முந்தியே இலை போட்டு விலக்கினோம். புகைவண்டி வந்த பிறகும் வழக்கம் போகவில்லை. ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் 'பிராமணர்', 'இதரர்' என்று தனித்தனி இடம் இருந்தது. பெரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் போராடிய பிறகு, 1941-இல்தான் அந்தப் பேதம் எடுபட்டது.

சத்திரத்தில் இடமில்லை என்று துரத்தப்பட்டவர்களில் ஒருவருடைய கதையை மட்டும் சொல்கிறேன். 1917-இல், அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடாவுக்கு உத்தியோகம் பார்க்க வந்தார் அம்பேத்கர். ஹிந்து ஹோட்டலில் இடம் கிடைக்காது. பார்ஸி விடுதி ஒன்றில் பார்ஸிப் பெயரைப் பதிவு செய்துகொண்டு தங்கினார். பத்து நாள் போயிற்று. பதினோராம் நாள் காலை தடியும் கையுமாகப் பார்ஸிகள் கூட்டமாக வந்து அவரை வெளியேறச் சொன்னார்கள். அன்று ஒண்ட இடமில்லாமல், ஒரு பொதுத் தோட்டத்தில் துக்கத்தோடு உட்கார்ந்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பத்து வருஷம் கழித்து, 1927 மார்ச் 20-ந் தேதி, மஹாட் என்ற ஊரின் குளக்கரையில் ஆயிரக்கணக்கான பேருடன் போய் நின்று, அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதற்குக் கிடைத்தது கல்லடி. பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழிக்கும் சடங்கு!

1950-இல் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது ஷரத்தை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். அதன் இரண்டாவது பிரிவில், கடை, பொது உணவு விடுதி, ஹோட்டல் இவற்றில் மதம், ஜாதி, பிறப்பிடம் முதலிய காரணத்தால் எந்தப் பிரஜையையும் தடுக்கக் கூடாது என்று இருக்கிறது. அடுத்தாற்போல் கிணறு, குளம், படித்துறை, சாலை. சட்டப் புஸ்தகத்தைக் கதைப் புஸ்தகம் போலப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் சட்ட நகல் தயாரித்த குழுவின் தலைவர் யார் என்று தெரிந்து படிக்கும்போது, ஹோட்டலையும் குளத்தையும் ஒரே பிரிவில் பார்த்தால், பரோடாத் தோட்டமும் மஹாட் படிக்கட்டும் கண் முன்னால் வந்து நிற்கின்றன.

இதையெல்லாம் மலையிறங்கும்போது நண்பரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். காட்ரோட்டில் வளைவுக்கு வளைவு கீழே சமவெளி தெரிந்தது. வத்தலக்குண்டு தாண்டும் வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அப்புறம், "பாவம், அந்தப் பெரியவரைக் கூடச் சாப்பிடச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை பாரும்" என்றார்.

எனக்கும்தான் தோன்றவில்லை.

திண்டுக்கல்லுக்கு வந்து சேரும்போது இரவு எட்டு மணி. 1957-இல் நாகசாமி நாயுடு என்பவர் தலைப்பாகையும் தாமுமாகச் சீரகச் சம்பா பிரியாணிக்கடை போட்டதிலிருந்து, இந்த ஊரின் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்களுக்கு நாக்கில் ஜலம் ஊறுகிறது. இப்போது தெருவுக்குத் தெரு பிரியாணி. நண்பர் என்னைச் சின்னக் கடை ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனார். நல்ல கூட்டம். நாலு பேர் உட்காரும் மேஜையில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் லாரி டிரைவர் போலிருந்தது. மற்றவர் கையில் நோட்டுப் புஸ்தகம் வைத்திருந்த வாலிபன். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க, தம்பி" என்றார் நண்பர். அவன் தள்ளி உட்கார்ந்தான். இலை போட்டார்கள்.